இரண்டு தோல்விகளோடு தேசியச் சாம்பியன்: ஓஹாயோ ஸ்டேட் அணியின் 2024 சீசனை எப்படி மதிப்பிடுவது?

புதிய ரசிகன் எழுதியது:

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலின் ஆட்ட விதிகள் எனக்கு ஓரளவு பழகிவிட்டன. நான்கு டவுன்களுக்குள் (முயற்சிகளுக்குள்) பத்து யார்டு முன்னேற வேண்டும், டச் டவுனுக்கு ஆறு புள்ளி, ஃபீல்டு கோலுக்கு மூன்று புள்ளி என்பதிலெல்லாம் குழப்பம் இல்லை. ஒரு சீசனின் முடிவில் யாரை, எதன் அடிப்படையில் சாம்பியன் என்கிறார்கள் என்பதில்தான் தடுமாறுகிறேன். ஓஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழக அணியின் 2024 சீசனை முதல் ஆட்டத்திலிருந்து கடைசி ஆட்டம்வரை வரிசையாகப் பார்த்து முடித்த பிறகு, அந்தத் தடுமாற்றம் கூடியதே தவிரக் குறையவில்லை.

வழக்கமான சீசனின் 12 ஆட்டங்களில் அந்த அணி பத்தில் வென்று இரண்டில் தோற்றது. அக்டோபர் 12 அன்று ஆரிகன் அணியிடம் அதன் சொந்த மைதானத்தில் 32-31 என்று தோற்றதைப் புரிந்துகொள்ள முடிகிறது. இரண்டும் சம பலம் கொண்ட அணிகள், ஒரு புள்ளிதான் வித்தியாசம். ஆனால் நவம்பர் 30 அன்று கொலம்பஸ் நகரிலுள்ள தன் மைதானத்திலேயே, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பார்வையாளர்களின் முன்னால், மிஷிகன் அணியிடம் 13-10 என்று தோற்றதை எப்படி விளங்கிக்கொள்வது? அன்று ஓஹாயோ ஸ்டேட் தரவரிசையில் 2ஆம் இடத்தில் இருந்தது. மிஷிகனோ 6 வெற்றி, 5 தோல்வி என்ற நிலையில், தரவரிசையிலேயே இடம் பெறாமல் வந்திருந்தது. ஓஹாயோ ஸ்டேட் ஏறத்தாழ 20 புள்ளி வித்தியாசத்தில் வெல்லும் என்பதே பொதுவான கணிப்பாக இருந்தது.

அந்தத் தோல்வியால், தாங்கள் ஆடும் அணிக் குழுமமான பிக் டென் கான்ஃபரன்ஸின் இறுதி ஆட்டத்துக்குக்கூட அவர்களால் போக முடியவில்லை. அப்படியிருந்தும் ஜனவரி 20, 2025 அன்று அட்லாண்டாவில் நோட்டர் டேம் அணியை 34-23 என்று வென்று தேசியச் சாம்பியன் ஆகிவிட்டார்கள். மிஷிகனுக்கு எதிரே பத்துப் புள்ளிக்கு மேல் எடுக்கத் தெரியாத அதே அணி, மூன்று வாரம் கழித்து டென்னஸிக்கு எதிராக 42 புள்ளிகளும், அதன்பின் ஆரிகனுக்கு எதிராக 41 புள்ளிகளும் எடுத்தது. இடையில் ஆட்கள் மாறவில்லை. பயிற்சியாளர் ரயன் டேயும் மாறவில்லை. அந்த மூன்று வாரத்தில் என்னதான் நடந்தது? இதை அணியின் வெற்றி என்பதா, போட்டி அமைப்பு அவர்களுக்குக் கொடுத்த இரண்டாம் வாய்ப்பு என்பதா? நீண்ட காலமாக இந்த ஆட்டத்தைத் தொடர்ந்து வருபவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாவேன்.

---

நான்காம் டவுன் எழுதியது:

போட்டி அமைப்பைப் பற்றிய பகுதிக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், அதுதான் சுலபமானது.

2014 முதல் 2023 வரை, தேசியச் சாம்பியனை முடிவுசெய்யும் பிளே ஆஃப் சுற்றுக்கு நான்கு அணிகளே தேர்ந்தெடுக்கப்பட்டன. அந்தப் பத்து ஆண்டுகளில் இரண்டு ஆட்டங்களில் தோற்ற எந்த அணிக்கும் அந்த நான்கில் இடம் கிடைத்ததில்லை. அதற்கு முந்தைய முறையில் இரண்டு தோல்விகளோடு தேசியச் சாம்பியன் ஆன அணி என்றால் 2007ஆம் ஆண்டின் எல்.எஸ்.யு. (லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழக) அணியைச் சொல்லலாம், அது எல்லா முன்னணி அணிகளும் மாறி மாறித் தோற்ற ஒரு விசித்திரமான ஆண்டு. ஆகவே உங்கள் வியப்பு நியாயமானதுதான். ஓராண்டு முன்னால் இதே சீசன் நடந்திருந்தால், மிஷிகனிடம் தோற்ற அன்றே ஓஹாயோ ஸ்டேட்டின் கதை முடிந்திருக்கும்.

2024இல் அந்த எண்ணிக்கை 12 ஆக உயர்த்தப்பட்டது. மிக உயர்ந்த தரவரிசை பெற்ற ஐந்து கான்ஃபரன்ஸ் சாம்பியன்களுக்கு இடம் உறுதி. மீதமுள்ள ஏழு இடங்களைத் தேர்வுக் குழு தன் தரவரிசைப்படி நிரப்பியது. ஓஹாயோ ஸ்டேட் அந்த ஏழில் ஒன்றாக உள்ளே வந்தது. குழுவின் தரவரிசையில் 6ஆம் இடம்; ஆனால் முதல் நான்கு ஆட்ட வரிசை எண்களும் கான்ஃபரன்ஸ் சாம்பியன்களுக்கே ஒதுக்கப்பட்டதால், போட்டி அட்டவணையில் 8ஆம் எண்ணாக இறக்கப்பட்டது. முதல் சுற்றில் நேரடி விடுப்பு கிடைக்கவில்லை என்பதால் பட்டம் வெல்ல நான்கு ஆட்டங்கள் ஆட வேண்டியிருந்தது. மொத்தம் 16 ஆட்டங்கள், 14 வெற்றி, 2 தோல்வி.

இரண்டாம் வாய்ப்பு என்று நீங்கள் சொல்வது சரி. ஆனால் அந்த வாய்ப்பை அந்த ஆண்டு வேறு பதினொரு அணிகளும் பெற்றிருந்தன என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

---

இடது டாக்கிள் எழுதியது:

மூன்று வாரத்தில் என்ன நடந்தது என்ற கேள்விக்கு, "மிஷிகனிடம் தோற்ற அவமானம் அவர்களை உசுப்பிவிட்டது" என்ற பதிலைத்தான் எல்லா இடத்திலும் கேட்பீர்கள். எனக்கு அதில் நம்பிக்கை குறைவு. அவமானப்பட்டவர்கள் எல்லாம் 41 புள்ளி எடுப்பதென்றால் இந்த விளையாட்டு மிக எளிதாகிவிடும். என்னைக் கேட்டால், அந்த சீசனை ஸ்கோர்போர்டில் பார்க்காமல் அஃபென்ஸிவ் லைனில், அதாவது பந்து தங்கள் கையில் இருக்கும்போது எதிரணியைத் தடுக்கும் முன்வரிசையில், பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தால் கதை நவம்பரில் அல்ல, அக்டோபரில் தொடங்குகிறது.

ஆரிகனிடம் தோற்ற அன்று ஓஹாயோ ஸ்டேட் இழந்தது ஆட்டத்தை மட்டுமல்ல. அந்த வரிசையின் இடது ஓரத்தில், இடது டாக்கிளாக ஆடிய ஜாஷ் சிம்மன்ஸ் முழங்காலில் காயமடைந்து அந்த சீசனின் மீதி முழுவதையும் இழந்தார். ஆட்டத்தை நடத்திப் பந்தை எறிபவர் குவார்ட்டர்பேக். வலது கையால் எறியும் குவார்ட்டர்பேக்கின் முதுகுப்பக்கத்தைக் காப்பவர் இடது டாக்கிள்தான். எதிரணியின் மிக வேகமான ஆள் பெரும்பாலும் அந்தப் பக்கத்திலிருந்தே வருவார். அடுத்த ஆட்டத்தில், அக்டோபர் 26 அன்று, நெப்ராஸ்காவுக்கு எதிராக அவருக்குப் பதிலாக இறங்கியவரால் அந்தப் பொறுப்பைத் தாங்க முடியவில்லை. அன்று ஓஹாயோ ஸ்டேட் தரையில் ஓடிச் சேர்த்தது 64 யார்டுகள்தாம். 21-17 என்று தப்பிப் பிழைத்தது. அதன்பின் பயிற்சியாளர்கள் ஒரு துணிச்சலான முடிவெடுத்து, டாக்கிளுக்கு உட்பக்கம் நிற்கும் கார்டு நிலையில் ஆடிவந்த டானவன் ஜாக்சனை இடது டாக்கிளாக நகர்த்தினார்கள். கார்டுக்கு இருபுறமும் துணைக்கு ஆள் உண்டு. டாக்கிளோ வெளி ஓரத்தில் தனியாக நின்று, தன்னைவிட வேகமானவனைப் பின்னோக்கி நகர்ந்தபடியே தடுக்க வேண்டும். கால் வைக்கும் முறை முதல் கை நீட்டும் நேரம்வரை எல்லாமே வேறு. சீசனின் நடுவில் ஒருவரை இப்படி மாற்றினால், அவர் பழகிக்கொள்ள வாரங்கள் பிடிக்கும்.

அவர் அந்தப் புதிய இடத்தில் இறங்கிய முதல் ஆட்டமே பென் ஸ்டேட்டுக்கு எதிராக, அவர்களுடைய மைதானத்தில். அந்த ஆட்டத்தை 20-13 என்று வென்றுகொடுத்தது தடுப்பாட்டப் பிரிவான டிஃபென்ஸ்தான்: நான்காம் கால் பகுதியில் கோல் கோட்டுக்கு 3 யார்டு தொலைவில் பென் ஸ்டேட்டுக்கு நான்கு வாய்ப்புகள் கிடைத்தும் உள்ளே விடவில்லை. ஆனால் அதற்குப் பிறகு நடந்ததை நான் அதிகமாக ரசித்தேன். மீதமிருந்த ஐந்து நிமிடங்களையும் ஒரு பாஸ்கூட எறியாமல், ஓடி ஓடியே கரைத்து ஆட்டத்தை முடித்தார்கள். தைத்து ஒட்டிய அந்த லைன் அன்று முதல்முறையாகத் தன்னை நம்பத் தொடங்கியது என்றே நினைக்கிறேன்.

அந்த நம்பிக்கையும் நீடிக்கவில்லை. நவம்பர் 23 அன்று நடந்த இந்தியானா ஆட்டத்துக்கு முந்தைய பயிற்சியில் சென்டர் செத் மக்லாஃப்லினின் குதிகால் தசைநாண் அறுந்துபோனது. பந்தை எடுத்துக் கொடுப்பதோடு, எதிரணி எப்படி நிற்கிறது என்பதைப் பார்த்து லைன் முழுவதற்கும் யார் யாரைத் தடுக்க வேண்டும் என்று குரல் கொடுப்பவர் சென்டர். அதுவரை தோல்வியே காணாத இந்தியானாவை 38-15 என்று வென்றதால், இந்த இழப்பின் கனம் அன்று யாருக்கும் தெரியவில்லை.

அடுத்த வாரம் மிஷிகன் வந்தது. அந்த ஆண்டு மிஷிகனிடம் சொல்லிக்கொள்ளும்படியான பாஸிங் ஆட்டம் இல்லை. அன்று அவர்களுடைய குவார்ட்டர்பேக் எறிந்து சேர்த்தது மொத்தமே 62 யார்டுகள். ஆனால் டிஃபென்ஸின் நடுவில் மேசன் கிரஹம், கென்னத் கிராண்ட் என்ற இரண்டு மலைகள் நின்றன. புதிய சென்டரையும் இடம் மாறிய டாக்கிளையும் வைத்துக்கொண்டு, அந்த இரண்டு பேர் நிற்கும் நடுப்பகுதிக்குள்ளேயே ஓஹாயோ ஸ்டேட் திரும்பத் திரும்ப ஓடியது. பலன் 77 யார்டுகள். வெளிப்புறத்தில், எறியும் பந்தைப் பிடிக்க ஜெரமயா ஸ்மித்தும் எமேகா எக்புகாவும் நிற்கிறார்கள். ஸ்மித் முதலாண்டு மாணவர்தான் என்றாலும் அந்த சீசனில் 1,315 யார்டுகள் பிடித்தவர். அன்று அவருக்குக் கிடைத்தது 35 யார்டுகள். குவார்ட்டர்பேக் வில் ஹோவர்ட் இரண்டு இன்டர்செப்ஷன்கள் கொடுத்தார், அதாவது அவர் எறிந்ததை எதிரணி பிடித்துக்கொண்டது. எளிதான தூரத்தில் இரண்டு ஃபீல்டு கோல்கள் தவறின. இடைவேளையில் 10-10, இரண்டாம் பாதியில் ஓஹாயோ ஸ்டேட் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. ஆட்டம் முடிய 45 வினாடி இருக்கையில் மிஷிகன் 21 யார்டு ஃபீல்டு கோல் அடித்து முன்னிலை பெற்றது.

அவர்கள் அன்று காட்டியது பலவீனம் அல்ல, பிடிவாதம். மிஷிகனைத் தரையில், உடல் பலத்தால் அடித்து வீழ்த்த வேண்டும் என்ற எண்ணம் 2021 முதலான மூன்று தோல்விகளிலிருந்து வந்தது. "மென்மையான அணி" என்ற பழிச்சொல்லைத் துடைக்க நினைத்து, கையில் இருந்த கூர்மையான ஆயுதத்தை உறையிலேயே வைத்திருந்தார்கள்.

டிசம்பர் 21 அன்று டென்னஸிக்கு எதிரான முதல் டிரைவை, அதாவது பந்து முதல்முறை கைக்கு வந்ததும் ஆடிய ஆட்டத் தொடரைப் பாருங்கள். ஹோவர்ட் எறிந்தார், ஸ்மித் 37 யார்டு டச் டவுன் பிடித்தார். முதல் கால் பகுதி முடியும்போது 21-0. ரோஸ் பவுல் எனப்படும் காலிறுதியில் ஆரிகனுக்கு எதிராக முதல் நிமிடத்திலேயே மீண்டும் ஸ்மித்துக்கு 45 யார்டு டச் டவுன். இரண்டாம் கால் பகுதியில் 34-0. முதலில் எறிந்து எதிரணி டிஃபென்ஸை விரித்துவிட்டு, விரிந்த இடத்தில் பந்தோடு ஓடும் ஹெண்டர்சனையும் ஜட்கின்ஸையும் ஓட விட்டார்கள். இப்படி ஆடும்போது லைன் யாரையும் முழு பலத்தோடு புரட்டித் தள்ள வேண்டியதில்லை; பந்து விரைவாகக் கையைவிட்டுப் போய்விடுவதால் இரண்டரை வினாடி தாக்குப்பிடித்தால் போதும். ஜாக்சனுக்கும் பழகிக்கொள்ள மூன்று வாரம் கூடுதலாகக் கிடைத்தது. உங்கள் கேள்விக்கு என் பதில் இவ்வளவுதான்: ஆட்கள் மாறவில்லை, அவர்களிடம் எதைக் கேட்பது என்பது மாறியது.

---

மிஷிகன் பக்கம் எழுதியது:

நான் மிஷிகன் ரசிகன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் கருத்தை அதற்கேற்பக் கழித்துக்கொள்ளலாம்.

நண்பர் இடது டாக்கிள் எழுதியதில் ஆட்ட நுணுக்கம் எல்லாம் சரி. ஆனால் "பிடிவாதம்" என்று அவர் ஒரே சொல்லில் கடந்து போவதை நான் அப்படிக் கடக்க மாட்டேன். 2021, 2022, 2023, 2024 என்று தொடர்ந்து நான்கு ஆண்டுகள் ஓஹாயோ ஸ்டேட் மிஷிகனிடம் தோற்றிருக்கிறது. இதில் நான்காவதற்கு எந்தச் சாக்கும் சொல்ல முடியாது. முந்தைய ஆண்டு தேசியச் சாம்பியனாக இருந்த மிஷிகனிலிருந்து தலைமைப் பயிற்சியாளர் ஜிம் ஹார்பா தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல்.லுக்குப் போய்விட்டார், குவார்ட்டர்பேக் போய்விட்டார், நட்சத்திர வீரர்கள் பலரும் போய்விட்டார்கள். அந்த ஆட்டத்தில் மிஷிகனின் சிறந்த கார்னர்பேக்கும் (பந்து பிடிப்பவர்களைக் காவல் காப்பவர்) சிறந்த டைட் எண்டும் (தடுக்கவும் பந்து பிடிக்கவும் செய்பவர்)கூட இறங்கவில்லை. இப்படிப்பட்ட மிஷிகனைச் சொந்த மைதானத்தில் வெல்ல முடியாததற்கு ஒரு சென்டரின் காயத்தைக் காரணம் சொல்வது போதாது.

எனக்கு உறுத்துவது வேறு. இந்த ஆட்டத்தின் தனித்தன்மையே ஒவ்வொரு சனிக்கிழமைக்கும் இருந்த கனம்தான். அமெரிக்காவின் வேறு எந்தப் பெரிய விளையாட்டிலும் வழக்கமான சீசனின் ஒரே ஒரு தோல்வி ஓர் ஆண்டையே அழித்துவிடாது. கல்லூரி ஃபுட்பாலில் அழித்தது. நவம்பர் கடைசியில் நடக்கும் மிஷிகன்-ஓஹாயோ ஸ்டேட் ஆட்டத்தை மக்கள் வெறுமனே "த கேம்" என்று அழைக்கக் காரணமும் அதுதான். 2024இல் அந்த ஆட்டத்தில் தோற்றதற்கு ஓஹாயோ ஸ்டேட் கொடுத்த விலை என்ன? கான்ஃபரன்ஸ் பட்டத்துக்கு ஆட முடியவில்லை, கூடுதலாக ஓர் ஆட்டம் ஆட வேண்டியிருந்தது, அவ்வளவுதான். அந்தக் கூடுதல் ஆட்டமும் அவர்களுடைய சொந்த மைதானத்திலேயே நடந்தது.

ஆட்டம் முடிந்ததும் மிஷிகன் வீரர்கள் மைதான நடுவில் கொடியை ஊன்ற முயன்று, கைகலப்பாகி, காவலர்கள் மிளகுத் தெளிப்பான் பயன்படுத்தும் அளவுக்குப் போனது. இரு பல்கலைக்கழகங்களுக்கும் தலா 1,00,000 டாலர் அபராதம் விதித்தது பிக் டென். எங்கள் பக்கத்திலும் அது அழகான காட்சி அல்ல. ஆனால் அந்த ஆட்டம் வீரர்களுக்கு எவ்வளவு பெரிதாக இருந்தது என்பதற்கு அதைவிடச் சான்று தேவையில்லை. 51 நாள் கழித்து அதே அணி தேசியக் கோப்பையைத் தூக்கும்போது, அந்தச் சனிக்கிழமைக்கு என்ன மதிப்பு மிஞ்சுகிறது என்று கேட்க எனக்கு உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

ரயன் டே நல்ல பயிற்சியாளர். அவர் தலைமையில் மிஷிகனுக்கு எதிரான கணக்கு அந்த சீசன் முடிவில் 1-4. இரண்டு வாக்கியங்களும் உண்மை.

---

புதிய ரசிகன் எழுதியது:

மூவருக்கும் நன்றி. இடது டாக்கிள் சொன்ன கோணத்தில் நெப்ராஸ்கா ஆட்டத்தையும் பென் ஸ்டேட் ஆட்டத்தையும் மறுபடி பார்த்தேன். டானவன் ஜாக்சனின் கால்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் அது முற்றிலும் வேறொரு ஆட்டமாகத் தெரிகிறது.

ஒரு துணைக் கேள்வி. இந்த அணியைப் பற்றிப் படிக்கும் இடங்களிலெல்லாம் "20 மில்லியன் டாலர் அணி" என்ற தொடர் வருகிறது. பட்டம் விலைக்கு வாங்கப்பட்டது என்ற தொனியில் சிலர் எழுதுகிறார்கள். கல்லூரி மாணவர்களுக்கு ஊதியம் தரக்கூடாது என்றுதான் நான் அறிந்திருந்தேன். இது எப்படி?

---

பழைய ஏடு எழுதியது:

கல்லூரி நேரடியாக ஊதியம் தரக்கூடாது என்பது 2024 சீசனிலும் விதியாகவே இருந்தது. ஆனால் ஜூலை 2021 முதல் வீரர்கள் தங்கள் பெயர், உருவம், புகழ் ஆகியவற்றின் விளம்பர மதிப்பை வெளியாருக்கு விற்றுப் பணம் ஈட்டலாம் என்று கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. அனுமதித்தது. விளம்பரம் என்று தொடங்கியது, பழைய மாணவர்களும் செல்வந்தர்களும் சேர்ந்து நிதி திரட்டி வீரர்களுக்கு வழங்கும் ஏற்பாடாக விரைவிலேயே மாறியது. 20 மில்லியன் என்ற தொகை எதிராளிகள் கட்டிவிட்ட கதை அல்ல. அந்த அணிக்கு ஏறத்தாழ அவ்வளவு செலவாகிறது என்று ஓஹாயோ ஸ்டேட்டின் விளையாட்டுத் துறை இயக்குநர் ராஸ் பியோர்க்கே வெளிப்படையாகச் சொன்னார்.

வெளியிலிருந்து வந்தவர்களின் பட்டியல் கனமானதுதான். ஹோவர்ட் கேன்சஸ் ஸ்டேட்டிலிருந்தும், ஜட்கின்ஸ் ஓல் மிஸ்ஸிலிருந்தும் வந்தார்கள். கேலெப் டவுன்ஸும் மக்லாஃப்லினும் அலபாமாவிலிருந்து வந்தவர்கள். யு.சி.எல்.ஏ.வின் தலைமைப் பயிற்சியாளராக இருந்த சிப் கெல்லி அந்தப் பதவியை விட்டுவிட்டு, இங்கே அஃபென்ஸை வகுக்கும் துணைப் பொறுப்புக்கு வந்தார்; அது அபூர்வமான இடமாற்றம்.

ஆனால் பணத்தின் பெரிய விளைவு புதியவர்களை அழைத்து வந்ததில் இல்லை, பழையவர்களைத் தங்க வைத்ததில் இருக்கிறது என்பது என் எண்ணம். ஜாக் சாயர், ஜே.டி. டூய்மோலோவாவ், எக்புகா, ஹெண்டர்சன், ஜாக்சன், டென்சல் பர்க் போன்றோர் 2024 வசந்தத்திலேயே என்.எஃப்.எல். டிராஃப்டுக்கு (தொழில்முறை அணிகள் கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வுக்கு) போயிருக்கலாம். பழைய காலத்தில் போயிருப்பார்கள். அங்கே சம்பளம், இங்கே உதவித்தொகை. இங்கும் வருமானம் உண்டு என்றான பிறகுதான், மிஷிகனை வெல்லாமல் போகக்கூடாது, ஒரு பட்டமாவது வெல்ல வேண்டும் என்ற ஆசைக்கு அவர்களால் இடம் கொடுக்க முடிந்தது. முதல் ஆசை நிறைவேறவில்லை, இரண்டாவது நிறைவேறியது. 2025 டிராஃப்டில் அந்த அணியிலிருந்து 14 பேர் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். பாதி சீசன்கூட ஆடாத சிம்மன்ஸ் முதல் சுற்றிலேயே போனார், டாக்கிளாக அவதிப்பட்டுப் பழகிய ஜாக்சனும் முதல் சுற்றில் போனார்.

அனுபவம் என்ன செய்யும் என்பதை ஜனவரி 10 அன்று டெக்சஸுக்கு எதிரான அரையிறுதியில் பார்க்கலாம். ஓஹாயோ ஸ்டேட் 21-14 என்று முன்னிலையில் இருக்கிறது. டெக்சஸுக்குக் கோல் கோட்டுக்கு ஒரு யார்டு தொலைவில் முதல் டவுன். சமநிலை உறுதி என்று எல்லோரும் நினைக்கும் இடம். முதல் ஓட்டத்தில் ஒன்றும் கிடைக்கவில்லை. இரண்டாவதில் பந்தைப் பக்கவாட்டில் தூக்கிக் கொடுத்து ஓரமாக ஓட முயன்றார்கள்; ஓஹாயோ ஸ்டேட்டின் டிஃபென்ஸ் அங்கே முன்னதாகவே வந்து நின்று 7 யார்டு பின்னுக்குத் தள்ளியது. மூன்றாவது டவுனில் எறிந்த பாஸை யாரும் பிடிக்கவில்லை. நான்காவது டவுன், 8 யார்டு தொலைவு. சாயர் விளிம்பிலிருந்து புகுந்து குவார்ட்டர்பேக் க்வின் யூவர்ஸின் கையிலிருந்து பந்தைத் தட்டிவிட்டு, தானே அதை எடுத்து 83 யார்டு ஓடி டச் டவுன் போட்டார். இத்தனைக்கும் யூவர்ஸ் முன்பு ஓஹாயோ ஸ்டேட்டில் இருந்தபோது சாயரின் அறைத்தோழர். சாயர் எங்கிருந்தோ விலைக்கு வாங்கப்பட்டவர் அல்ல. கொலம்பஸுக்குப் பக்கத்து ஊரில் வளர்ந்து, நான்கு ஆண்டுகளும் அங்கேயே ஆடியவர்.

அந்த டிஃபென்ஸ் சராசரியாக ஓர் ஆட்டத்துக்கு 12.9 புள்ளிகளே விட்டுக்கொடுத்து நாட்டிலேயே முதலிடம் பிடித்தது. மிஷிகன் தோல்வியில்கூட 13தான் விட்டது. பேச்சு முழுவதும் ஸ்மித், ஹோவர்ட் என்று போவதால் பயிற்சியாளர் ஜிம் நோல்ஸ் வகுத்த இந்தப் பகுதி அதிகம் கவனிக்கப்படாமல் போகிறது.

---

இடது டாக்கிள் எழுதியது:

நண்பர் பழைய ஏடு சொல்வதோடு உடன்படுகிறேன். இறுதி ஆட்டத்தில் ஒரு கணத்தை மட்டும் சேர்த்துக்கொள்கிறேன். மிஷிகன் பக்கம் கேட்ட கேள்விக்கும் அதில் ஒரு பதில் இருப்பதாக எனக்குப் படுகிறது.

நோட்டர் டேம் அன்று 18 பிளே கொண்ட முதல் டிரைவில் ஏறக்குறைய பத்து நிமிடத்தைத் தின்று டச் டவுன் போட்டது. அதன்பின் ஓஹாயோ ஸ்டேட் தொடர்ந்து 31 புள்ளிகள் எடுத்தது. ஹோவர்ட் தன் முதல் 13 பாஸ்களையும் சரியாகச் சேர்த்தார். ஆனால் 31-7 என்றிருந்தது மெல்ல மெல்ல 31-23 ஆனது. ஆட்டம் முடியும் தறுவாயில் ஓஹாயோ ஸ்டேட்டுக்கு மூன்றாம் டவுன், 11 யார்டு. எச்சரிக்கையான பயிற்சியாளர் இங்கே ஓடுவார். பந்து கைமாறாது, கடிகாரம் ஓடும், பன்ட் அடித்துவிட்டு (பந்தைத் தொலைவுக்கு உதைத்து எதிரணியிடம் விட்டுவிட்டு) டிஃபென்ஸை நம்பலாம். மிஷிகனுக்கு எதிரே இருந்த அணி நிச்சயமாக ஓடியிருக்கும். அன்று ஹோவர்ட் பின்வாங்கி உயரமாக எறிந்தார். ஒற்றை ஆளின் காவலில் விடப்பட்டிருந்த ஸ்மித் அவரைக் கடந்து ஓடி 56 யார்டு பிடித்தார். பின் 26 வினாடி மிச்சமிருக்கையில் ஃபீல்டு கோல், 34-23. அந்த ஃபீல்டு கோலை அடித்தவரும் மிஷிகனுக்கு எதிராக இரண்டைத் தவறவிட்ட அதே ஜேடன் ஃபீல்டிங்தான்.

நவம்பர் 30க்கு மதிப்பில்லாமல் போகவில்லை. அது நடக்காமல் இருந்திருந்தால் அந்த மூன்றாம் டவுனில் எறிந்திருப்பார்களா என்பது எனக்கு ஐயமே.

---

மிஷிகன் பக்கம் எழுதியது:

அதாவது எங்களிடம் தோற்றதால்தான் அவர்கள் சாம்பியன் ஆனார்கள் என்கிறீர்கள். "உசுப்பிவிட்டது" என்ற பதிலை நம்பவில்லை என்று தொடங்கிவிட்டு, வேறு வழியாக அங்கேயே வந்து சேர்ந்திருக்கிறீர்கள். அந்தப் பெருமையை மிஷிகன் சார்பில் மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொள்கிறேன்.

---

நான்காம் டவுன் எழுதியது:

மதிப்பைப் பற்றிய வாதத்தில் உண்மையில் குறைப்பட வேண்டியவர்கள் ஆரிகன் ரசிகர்கள் என்பதைச் சொல்லிவிட்டுப் போகிறேன். அவர்கள் 13 ஆட்டங்களிலும் வென்று, பிக் டென் இறுதியில் பென் ஸ்டேட்டை 45-37 என்று வீழ்த்தி, முதல் எண்ணாகப் பிளே ஆஃபுக்கு வந்தவர்கள். அதற்குப் பரிசாக, டிசம்பர் 7 முதல் ஜனவரி 1 வரை ஆட்டமே இல்லாமல் காத்திருந்துவிட்டு, 8க்கும் 9க்கும் நடந்த ஆட்டத்தில் வென்றவரைச் சந்திக்க வேண்டியிருந்தது. வென்று வந்தது ஓஹாயோ ஸ்டேட். முதல் சுற்று விடுப்பு பெற்ற நான்கு அணிகளுமே அந்த ஆண்டு காலிறுதியில் தோற்றன என்பதும் கவனிக்கத்தக்கது.

அக்டோபர் ஆட்டத்தில் ஆரிகன் காட்டிய சாமர்த்தியத்தையும் புதிய ரசிகன் தெரிந்துகொள்ள வேண்டும். கடைசிப் பத்து வினாடியில் அவர்கள் களத்தில் 12 பேரை நிறுத்தினார்கள். தண்டனை ஐந்து யார்டு. ஆனால் அந்தப் பிளேயில் நான்கு வினாடி கரைந்துவிட்டது, அதைத் திருப்பித் தர அன்று விதியில்லை. அடுத்த பிளேயில் ஹோவர்ட் ஓடிச் சறுக்கி விழுவதற்குள் ஆட்ட நேரம் முடிந்துபோனது. அதற்கடுத்த சில நாட்களிலேயே, ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தில் இப்படி நடந்தால் பாதிக்கப்பட்ட அணி கடிகாரத்தைப் பழைய நிலைக்குத் திருப்பக் கேட்கலாம் என்று என்.சி.ஏ.ஏ. விளக்கம் வெளியிட்டது.

ஆட்ட வரிசை எண்களின் கோளாறும் அடுத்த சீசனுக்குச் சரிசெய்யப்பட்டது. 2025 முதல் கான்ஃபரன்ஸ் சாம்பியன் என்பதற்காக யாரும் முதல் நான்குக்குள் ஏற்றப்படுவதில்லை. தேர்வுக் குழுவின் தரவரிசையே ஆட்ட வரிசை. அந்த விதி ஓராண்டு முன்பே இருந்திருந்தால், 6ஆம் இடத்தில் இருந்த ஓஹாயோ ஸ்டேட் முதலில் அரிசோனா ஸ்டேட்டையும், வென்றால் டெக்சஸையும் சந்தித்திருக்கும். ஆரிகனோ அட்டவணையின் மறு பாதியில் இருந்திருக்கும். இரண்டும் மோதுவதென்றால் அது அட்லாண்டாவில் நடக்கும் இறுதி ஆட்டமாகத்தான் இருந்திருக்க முடியும்.